செங்கல்பட்டு வரைக்கும் வந்தேன்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வேலை மாறிப் போயிருக்கிற புனேயிலிருந்து பேசினாய். கூட வேலை பார்க்கிற அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாய். அவர் கேட்காமலேயே ஆபரேஷனைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாயாம். தழும்பு இருக்கிறது, நாளைக்குக் குழந்தை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது வரைக்கும் சொன்னாயாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரொம்ப வலித்ததா என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லும்போது உன் குரல் லேசாகிவிட்டது. எனக்கும் மனசு நிறைந்தது. பிறகு, "அன்னிக்கு ஏம்மா நீ வரல?" என்று கேட்டாய். நான் ரெண்டு தடவை ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு, டவர் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டேன். டவர் இருந்தது. உன் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கடையில் துணி வெட்டுகிற மேஜை மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள், பில் புத்தகத்தில் அளவு எழுதுவதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அந்தப் பிள்ளையும் படிப்பதென்றால் படிக்கட்டும். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிற எந்தத் தாய் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்து வைத்தது போதும்.

இருபது வருஷமாக மதுராந்தகம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் ரவிக்கை தைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். எத்தனை பெண்களுக்கு அளவு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டீச்சர், நர்ஸ், படாளத்திலிருந்து நாற்று நடப் போகிற பெண்கள், கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிற அம்மாக்கள் எல்லாரும் என் டேப்புக்குள் வந்து போனவர்கள்தான். அவர்களில் பலருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு கிடையாது. ஒரு பக்கம் அரை இன்ச் கூட இருக்கும், சிலருக்கு ஒன்றரை இன்ச் வரைக்கும் போகும். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். அளவு நோட்டில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். வெட்டும்போது ஒரு பக்கத்து டக் மடிப்பை ஆழமாகப் பிடித்து, இன்னொரு பக்கத்தில் லைனிங்கை இரண்டாக மடித்துத் தைப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, உன் கையால் தைத்தால்தான் ஒட்டினாற்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் புள்ளி ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. இதை நான் தெரிந்துதான் வைத்திருந்தேன் என்பது உனக்குப் புரிய வேண்டும். தெரியாமல் செய்த தப்பு என்று நீ என்னை மன்னித்துவிடக் கூடாது.

உனக்குப் பதிமூன்று வயது. நீ வயதுக்கு வந்து மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்துவிட்டு, பச்சைப் பட்டுத் தாவணிக்கு ரவிக்கை தைக்க உன்னை நிற்க வைத்து அளவு எடுத்தேன். இடது பக்கம் வளர்ந்திருந்தது. வலது பக்கம் சின்னப் பிள்ளையாகவே இருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் சரியாகிவிடும் என்று நினைத்து இருந்திருக்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கடையிலிருந்து ஸ்பாஞ்ச் எடுத்து வந்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெள்ளை மல் துணியில் உறை போட்டு உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"எல்லாருக்கும் இப்டி கீதாம்மா?"

"உனக்கு மட்டும்தான் கீது. அதான் சொல்றேன். இத வெச்சிகினு வாய மூடிகினு இரு. கல்யாணம் ஆனா தானா சரியாப்பூடும்."

உனக்கு மட்டும்தான் என்று நான் ஏன் சொன்னேன்? பயம் காட்டினால்தான் வெளியே சொல்லமாட்டாய் என்று நினைத்தேன். சடங்கு அன்றைக்கு எல்லாரும் உன்னைப் பார்த்து மகாலட்சுமி மாதிரி இருக்கிறாய் என்றார்கள். நீ போட்டோ எடுக்கும்போதெல்லாம் வலது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாய். அந்த ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு படத்தில்கூட நீ நேராக நிற்கவில்லை.

அதற்கப்புறம்தான் நீ சாப்பிட ஆரம்பித்தாய். நீ ஏன் சாப்பிட்டாய் என்று உனக்கே தெரிந்திருக்காது, ஆனால் எனக்குத் தெரியும். உடம்பு போடப் போட எல்லாம் ஒன்றாகப் பரந்து, துணிக்கு மேல் வித்தியாசம் தெரியாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பெண்கள் கேலி செய்தார்கள் என்று நீ அழுதபோதுகூட நான் இன்னொரு தோசை ஊற்றினேன். உன் நைனா வாரத்துக்கு ஒருமுறை நெம்மேலியிலிருந்து வருவார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற இடத்தில் அவருக்குப் பம்ப் ஆபரேட்டர் வேலை, அங்கேயே நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். வந்தவர், பாப்பா மூச்சு வாங்குகிறாளே, கொஞ்சம் நடக்கச் சொல் என்பார். பெண்பிள்ளை பூசினாற்போல் இருந்தால்தான் அழகு என்று நான் அவர் வாயை அடைத்துவிடுவேன். செங்கல்பட்டில் காலேஜ் முடித்தபோது நீ நூறு கிலோவைத் தாண்டியிருந்தாய். இருபத்திரண்டு வயதில் மூட்டு வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. என் மனசில் ஒரு பக்கம் கவலைதான். இன்னொரு பக்கம், மறைந்திருக்கிறது, அது போதும் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை கிடைத்து நீ கேளம்பாக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனாய். அங்கே எஸ்தர் உனக்கு ரூம் மேட். அவள்தான் உன்னை விடியற்காலையில் இழுத்துக்கொண்டு நடக்கப் போனாள். சனிக்கிழமையில் இரண்டு பேரும் மாமல்லபுரம் போய்க் கடற்கரை மணலில் நடப்பீர்கள். மணலில் நடந்தால் கால் கடுக்கிறது என்று போனில் சிரிப்பாய். சர்க்கரையை விட்டாய், ராத்திரிச் சோற்றை விட்டாய். இரண்டு வருஷத்தில் நாற்பது கிலோ குறைந்தாய். தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இன்னா சாப்பிடுகிறாள், எந்த டாக்டர் என்று என்னைக் கேட்டுத் துளைத்தார்கள். உன் நைனா உன் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் போனில் வைத்துக்கொண்டு பம்ப் ஹவுஸில் எல்லாரிடமும் காட்டினாராம். நான் மட்டும் உன் துப்பட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில்கூட அதை இரண்டு பக்கமும் பின் குத்தி வைத்திருந்தாய்.

அந்தப் பொங்கலுக்கு வந்தபோது நீ என்னை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய். மேல்துணியை எடுத்தாய். "பாரும்மா. நல்லா பாரு" என்றாய். உடம்பு வற்றியதில் தோல் தொங்கிப்போயிருந்தது. இடது பக்கம் காற்றுப் போன மாதிரி கீழே இறங்கி வயிறு வரைக்கும் வந்திருந்தது. வலது பக்கம் ஒரு சின்ன மடிப்பாக மேலேயே நின்றது. தோளில் பிரா பட்டை ஒரு பக்கம் மட்டும் அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் முன்னைவிட இரண்டு மடங்காகத் தெரிந்தது. நீ அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னைக் கிட்டே இழுத்துக் கட்டிப்பிடித்திருந்தால் போதும். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்று சொன்னேன்.

"ஏன்டி எளைச்ச? குண்டாவே இருந்திருக்கலாம்ல. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

நீ துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொங்கல் பானையில் நெய் விடப் போய்விட்டாய். அதைப் பற்றி நீ இன்றுவரைக்கும் என்னிடம் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதல் எனக்குக் கிடைக்கக் கூடாது என்றுதானோ என்னவோ, நீ பேசவே இல்லை.

அப்புறம் நீயாகவே போய்க் கேளம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டரைப் பார்த்தாய். எடை குறைந்தவுடனே செய்யக் கூடாது, ஒரு வருஷம் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், பிறகு வாருங்கள் என்று அவர் திருப்பி அனுப்பினார். நீ அந்த ஒரு வருஷமும் பொறுத்திருந்தாய். பிறகு ஒருநாள் போனில் விளக்கமாகச் சொன்னாய். இடது பக்கம் சதையைக் குறைத்துத் தூக்கித் தைப்பார்கள். வலது பக்கம் தோலை எடுத்துவிட்டு உள்ளே சின்னதாக சிலிக்கான் வைப்பார்கள். தழும்பு நிற்கும். கொஞ்ச நாளைக்கு உணர்ச்சி மரத்துப் போகலாம், திரும்பாமலும் போகலாம். எவ்வளவு செய்தாலும் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி வராது, ஆனால் சட்டை போட்டால் தெரியாது, தோள் வலி போய்விடும். டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை என்று உனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் என்னென்னவோ பேசினேன். யார் கட்டிக்கொள்வார்கள் என்றேன். அறுத்துக்கொண்டு வந்தவள் என்று ஊர் சொல்லும் என்றேன். பிள்ளைக்குப் பால் இருக்காது என்றேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் யோசிச்சிட்டேன்மா. நீ கூட இரு, அது போதும்" என்றாய். வருகிறேன் என்று சொன்னேன். சத்தியமாக வருவதாகத்தான் இருந்தேன்.

முன்பக்கம் திறக்கிற மாதிரி உடுப்பு வேண்டும், கையைத் தூக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பழைய சலவைப் பருத்தியில் இரண்டு நைட்டி தைத்தேன். பட்டன் குத்தும் என்று முழுக்க நாடா வைத்தேன். ஆபரேஷன் அன்றைக்கு விடிந்ததும் பையில் வைத்துக்கொண்டு நம் ஊர் படாளத்தில் பஸ் ஏறினேன். செங்கல்பட்டில் இறங்கிக் கேளம்பாக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் விட்டுவிட்டேன் பாப்பா. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீ போன் பண்ணினாய்.

"எங்கம்மா கீற? பஸ் ஏறிட்டியா?"

"உங்க நைனா நேத்து சாயந்தரம் வூட்டுக்கு வந்துட்டாரு பாப்பா. மயக்கமா கீதுன்னு படுத்துகினு கீறாரு. அவர வுட்டுட்டு நான் எப்டி வர்றது?"

நீ சரிம்மா, நைனாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தாய். நான் பத்து மணி பஸ்ஸில் மதுராந்தகம் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை பாக்கி இருந்தது. அதைத் தைத்தேன். உன்னை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்த நேரத்தில் நான் யாரோ ஒருத்தியின் கைக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நைட்டியையும் மறு வாரம் பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டாயே ஏன் என்று, இப்போது சொல்கிறேன். எனக்கும் அப்படித்தான். உனக்கு எந்தப் பக்கமோ எனக்கும் அந்தப் பக்கம். உன்னை ஒரு வருஷம் இடது பக்கத்தில் மட்டுமே வைத்துப் பால் கொடுத்தேன், வலது பக்கத்தில் வரவே இல்லை. நீ பிறந்த சமயம் உன் அத்தை, உன் நைனாவின் தங்கை, எனக்குத் தலைக்கு ஊற்ற வந்தாள். பார்த்துவிட்டு, ஒன்று வளர்ந்து ஒன்று வளராமல் இதென்ன கூத்து என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அன்றைக்குப் போட்ட தாழ்ப்பாள். அதற்கப்புறம் ஒரு மனுஷிக்கும் நான் என் உடம்பைக் காட்டியதில்லை, உன் நைனாவுக்கும்தான். வெளிச்சத்தில் மாராப்பு விலகாமல் பார்த்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். உனக்குக் கொடுத்த ஸ்பாஞ்சுக்கு முன்னாலேயே எனக்கென்று ஒன்று வெட்டி வைத்திருந்தேன்.

செங்கல்பட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மனசில் ஓடியது இதுதான். இதைச் சரிபண்ண முடியும், ஒரு டாக்டர் உட்கார்ந்து பேனாவால் கோடு போட்டுச் செய்துவிட முடியும் என்றால், நான் இத்தனை வருஷம் ஒளிந்து வாழ்ந்தது எதற்கு? நீ எழுந்து நிமிர்ந்து நடந்தால் நான் கூனியது வீண் என்று ஆகிவிடுமே என்று இருந்தது. உன் உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிசாக இருந்தது பொறாமை. பெற்ற பெண் மேல் பொறாமைப்பட்டேன். இந்த வார்த்தையை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று நீ சொன்னாய். எப்போது கூப்பிட்டாலும் நல்லாதான் கீறேன் என்றாய். இடது பக்கத்துக் கீழ்த் தையல் விட்டுப்போய்ப் புண்ணாகி, மூன்று வாரம் தினமும் கட்டுப் போட்டதை நீ சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாய். ரவிக்கை ஒன்று தைத்துக்கொடு என்றாய். உனக்கு ரவிக்கை எதற்கு, நீ புடவையே கட்டுவதில்லையே என்று நினைத்துக்கொண்டே டேப்பை எடுத்தேன். நீ நிமிர்ந்து நின்றாய். பதிமூன்று வயதுக்கு அப்புறம் நீ நேராக நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். கால் இன்ச்கூட வித்தியாசம் இல்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். "அளவு சரியா கீது" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதத்தில் உன் நைனா போய்விட்டார். காலை ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு எஸ்தர் வந்திருந்தாள். நீ சொந்தக்காரர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாய். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அங்கிள் மாதிரி ஒரு மனுஷரைப் பார்த்ததே இல்லை ஆன்ட்டி என்று அழுதாள். அவள்தான் சொன்னாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்கு என் போனை வைத்ததும், நைனாவுக்கு என்னமோ என்று பதறிப்போய் நீ அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாய். அவர் பம்ப் ஹவுஸிலிருந்து எடுத்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மா சொன்ன பொய் அந்த நிமிஷமே உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர் ஷிஃப்டை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, அதே காக்கிச் சட்டையோடு பைக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கூட இருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு சின்ன டாக்டர் வெளியே வந்து கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டாராம். எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாளாம். உன் நைனா சொன்ன பதிலை அவள் அப்படியே சொன்னாள்.

"அவங்க அம்மாவுக்கும் இப்டிதாங்க. எனக்குத் தெரியும்ன்றது அவளுக்குத் தெரியாது. கேட்டா மனசு ஒடஞ்சிப்பூடுவா. அதான் கேட்டதே இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டாராம். உன் நைனா சாயங்காலம் வரைக்கும் ஒரு டீகூடக் குடிக்காமல் அந்த நாற்காலியிலேயே இருந்தாராம். உனக்குப் புண்ணான மூன்று வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார். நெம்மேலி குப்பத்தில் பால் சுறா வாங்கி, ரூமில் தானே வேகவைத்து உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு செய்து தூக்கில் எடுத்து வந்திருக்கிறார். வீட்டில் ஒரு வெந்நீர் வைத்தறியாத மனுஷர். ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று கேட்டிலேயே நின்று எஸ்தர் கையில் கொடுத்துவிட்டு, எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பாராம். நீ மாடி ஜன்னலில் வந்து கையை ஆட்டினால்தான் கிளம்புவாராம். அந்த மூன்று வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். உன்னைப் பற்றி நான் கேட்டால், நல்லா கீறா என்று மட்டும் சொன்னார். நான் சொன்ன பொய் தனக்குத் தெரியும் என்று முகத்தில்கூடக் காட்டவில்லை.

எஸ்தர் சொல்லி முடித்தபோது நான் அழவில்லை. எழுந்துபோய்ப் பந்தியில் தண்ணீர் வைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில், நான் மறைத்துக்கொண்டே இருந்தேன், அவர் பார்க்காத மாதிரியே இருந்தார். நான் துணி மாற்றும்போது அவர் சட்டென்று பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். பெண்டாட்டி மேல் இஷ்டம் இல்லாத மனுஷர் என்று நினைத்து நான் உள்ளுக்குள் குமைந்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றத்தான் போனார் என்று இப்போது தெரிகிறது. ஒருநாள் நானாகச் சொல்லியிருக்கலாம். அவரும் ஒருநாள் கேட்டிருக்கலாம். இனிமேல் சொல்ல ஆள் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாய், ஒன்றிரண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எல்லாவற்றையும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டது ரொம்ப நல்லது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. உன் நைனா மாதிரி நல்லவராகவே இருந்தாலும், உன் மனசு நோகுமே என்று எதையாவது கேட்காமல் விட்டால் நீயே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல். உள்ளே வைத்த சிலிக்கானைப் பல வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். அப்படி வந்தால் தள்ளிப்போடாதே. குழந்தை பிறந்து பால் வரவில்லை என்றால், ஆபரேஷன்தான் காரணம் என்று யாராவது பேசுவார்கள். உன் அம்மா ஒரு கத்தியும் படாமல் உன்னை ஒரு பக்கத்துப் பாலில்தான் வளர்த்தாள் என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். உனக்குப் பெண் பிறந்து அவளுக்கும் இப்படி இருந்தால், என்ன சொல்வதென்று உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் சொன்னதை மட்டும் சொல்லாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நம் தெருவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பெண்கள் வந்து, நாற்பது வயதுக்கு மேல் இருப்பவர்கள் மார்புப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று பெயர் எழுதிக்கொண்டு போவார்கள். நான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிடுவேன். நீ போன் பண்ணின மறுநாள் திங்கட்கிழமை, கடையைத் திறக்காமல் மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். உள்ளே ஒரு நர்ஸம்மா இருந்தாள், உன் வயதுதான் இருக்கும். திரைக்குப் பின்னால் போய் மேல்துணியை எடுக்கச் சொன்னாள். ஹூக்கை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஐம்பத்தொரு வயதில், உன் அத்தைக்கு அப்புறம் முதல் தடவையாக, பகல் வெளிச்சத்தில் ஒருத்தி முன்னால் அப்படி நின்றேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். கட்டி எதுவும் இல்லை, அடுத்த வருஷம் வாங்க என்று சீட்டில் எழுதிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அவள் கண்ணில் ஒன்றுமே படவில்லை. அல்லது பட்டும், சொல்வதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே வந்து மருந்து கொடுக்கிற இடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் கட்டைப்பையோடு இருந்த ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, கட்டி கிட்டி கீதுன்னு சொல்லிட்டாங்களா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, நல்லாதான் இருக்கிறதாம் என்றேன். அப்புறம் ஏன் அழுகிறாய் என்றாள். வீட்டுக்காரர் செத்து ஒரு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை.

உன் அம்மா